பேரேட்டில் 'நிறைஞ்சிருக்கு' என்று எழுத முடியாது: நெருக்கடியில் மனசோடு பேசும் முறை

செட்டிநாட்டு வீடுகளில் அரிசியோ உப்போ தீர்ந்துபோனால் பெரியவர்கள் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள், 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். விளக்கை அணைப்பதில்லை, அமர்த்துவார்கள். வெளியே கிளம்புகிறவர் 'போறேன்' என்றால் அப்பத்தா விடமாட்டார். 'வாரேன்' என்று திருத்திச் சொன்ன பிறகுதான் படியிறங்கலாம். வாயிலிருந்து வரும் சொல்லுக்கு வலு உண்டு என்ற நம்பிக்கை அது. ஆனால் அதே வீட்டின் கணக்குப் பேரேட்டைத் திறந்தால் அங்கே இந்த நாசூக்குக்கெல்லாம் இடமில்லை. தீர்ந்தது தீர்ந்ததுதான், பற்று பற்றுதான். காலணா உதைத்தாலும் ஐந்தொகை, அதாவது கடைசியில் கட்டும் இருப்புக் கணக்கு, நேராகாது.

நெருக்கடியான காலத்தில் மனசுக்குள் நல்லவிதமாகப் பேசிக்கொண்டால் தன்னம்பிக்கை வளரும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பெரும்பாலோர் அதை 'நிறைஞ்சிருக்கு' என்கிற அடுக்களைப் பேச்சாகச் செய்கிறார்கள். பலன் தருவதோ பேரேட்டுப் பேச்சு. அதனால்தான் 'என்னால் முடியும், என்னால் முடியும்' என்று நூறு தடவை சொல்லிவிட்டுத் தேர்வறைக்குள் நுழைகிறவருக்கு முதல் கேள்வியிலேயே கை நடுங்குகிறது. நூறு தடவை சொன்னதில் ஒரு தடவைகூட உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளை அதை நம்பியிருக்க மாட்டார்.

உள்ளே பேசுவது யார்?

மூன்று நான்கு வயதுக் குழந்தை விளையாடும்போது வாய்விட்டுத் தனக்குத்தானே பேசும்: 'இதை இங்க வைக்கணும், இப்ப அதை எடுக்கணும்.' பள்ளிக்குப் போகும் வயதில் அந்தப் பேச்சு முணுமுணுப்பாகி, பிறகு உள்ளே போய்விடுகிறது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) இதை விளக்கியபோது சொன்னதன் சாரம், சுற்றியிருப்பவர்கள் நம்மோடு பேசியதுதான் உள்ளே குடிபுகுந்து உள்குரல் ஆகிறது என்பது. நெருக்கடியில் பலருக்கு உள்ளே கேட்பது அப்பச்சியின் (அப்பாவின்) அதட்டலாகவோ, எப்போதோ பாடம் எடுத்த கணக்கு வாத்தியாரின் நக்கலாகவோ இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மனசோடு பேசுவது தமிழுக்குப் புதிதில்லை. பழைய அகப்பாட்டில், பொருள் தேடப் போவதா, இருப்பதா என்று தவிக்கும் தலைவன் தன் நெஞ்சை எதிரே நிறுத்திக் கூப்பிட்டுப் பேசுவான். திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'நெஞ்சொடு கிளத்தல்'. அங்கே பேசுகிறவர் ஒருவர், கேட்கும் நெஞ்சு இன்னொருவர். இந்த இடைவெளிக்கு ஒரு பயன் உண்டு என்பது இப்போது சோதனையிலும் தெரிந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், சிலரைக் கொஞ்ச நேரத்தில் ஒரு மேடைப்பேச்சுக்குத் தயாராகச் சொன்னார்கள். ஒரு சாரார் தங்கள் பதற்றத்தைப் பற்றி 'நான்' என்று யோசித்தார்கள். மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ யோசித்தார்கள். இரண்டாவது சாராரின் பேச்சு மேலாக இருந்தது. பேசி முடித்தபின் அதையே அசைபோட்டுக் கூசிப்போனதும் குறைவு. அடுத்தவர் சிக்கலுக்கு நாம் நிதானமாக வழி சொல்லிவிடுவோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நம் சிக்கலும் பாதி அடுத்தவர் சிக்கலாகிவிடுகிறது.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. 'ஏய், நீ' என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது பெரும்பாலும் வசவு. எனவே வீட்டில் பிரியமாகக் கூப்பிடும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'வள்ளி, இங்க பாரு' என்று தொடங்கும் வாக்கியம் திட்டில் முடிவது கடினம்.

'வராது' என்ற வினைச்சொல்

'எனக்குக் கணக்கு வராது.' 'எனக்கு இங்கிலீஷ் வராது.' இந்த அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திறமை ஏதோ டவுன் பஸ் மாதிரி; வந்தால் உண்டு, வராவிட்டால் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். செய்கிற ஆள் வாக்கியத்திலேயே இல்லை. அதோடு அது என்றைக்கும் பொருந்தும் தீர்ப்பாகவும் ஒலிக்கிறது. இதை 'எனக்குக் கணக்கு நல்லா வரும்' என்று திருப்பிப் போடுவதில் லாபமில்லை. பொய்யின் திசை மாறுகிறது, அவ்வளவுதான். 'இந்த வகைக் கணக்கை இதுவரைக்கும் நாலு தடவைதான் போட்டிருக்கேன், ரெண்டு தப்பு' என்று மாற்றிப் பாருங்கள். ஆள் வந்துவிட்டார், எண் வந்துவிட்டது, ஐந்தாவது தடவைக்கும் இடம் வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், திறமை விஷயத்தில் காலை வாரும் இதே இலக்கணம் பயத்தின் விஷயத்தில் கைகொடுக்கிறது. 'எனக்குப் படபடப்பா வருது' என்றால் படபடப்பு என்பது வந்த ஒன்று; வந்தது போகும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் துடிப்பு குறைவதை மேத்யூ லீபர்மனின் குழு 2007இல் காட்டியது. ஆகவே முதல் வாக்கியம் எப்போதும் 'படபடப்பு வந்திருக்கு' என்பதாக இருக்கலாம். 'எனக்கொண்ணும் பயமில்லை' என்று மறைக்கும் வாக்கியத்தைவிட இது மேல்.

புகழ்ச்சி ஏன் பலருக்குத் திரும்பி அடிக்கிறது?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. 'நான் அன்புக்குரிய மனிதர்' என்ற பொருள்படும் வாக்கியத்தை மணி ஒலிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்ள வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நல்லதாக உணர முடிந்தது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமாயிற்று. யாருக்கு மருந்து தேவையோ அவர்களுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. மனசு நம்பாத வாக்கியத்தை ஓங்கிச் சொன்னால் அது உடனே எதிர்வழக்குப் போடும்: 'அப்படியா? போன மாசம் என்ன நடந்துச்சு?' அந்த வாதத்தில் பழைய தோல்விகள் எல்லாம் சாட்சிக்கு வந்து நிற்கும்.

தன்னால் ஒரு காரியம் ஆகும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளாகப் பிரித்தார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வெறும் சொல்லுக்கு அந்த வலு கிடையாது. ஆகவே சொல்லைத் தனியாக நிறுத்தாமல், செய்து முடித்த ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும்.

ஒரு வாரம் வெறும் பதிவு

முதல் ஏழு நாள் எதையும் மாற்ற வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று போதும், நாளுக்கு மூன்று பதிவு. ஒவ்வொரு பதிவிலும்: எங்கே எப்போது, உள்ளே ஓடிய வாக்கியம், அதை அடுத்து என்ன செய்தீர்கள். பலர் சறுக்கும் இடம் நடுவில் உள்ளது. 'டென்ஷனா இருந்தது' என்று எழுதிவிடுவார்கள். அது வாக்கியமல்ல, தலைப்பு. 'இதுலயும் கோட்டை விட்டா மாமா வீட்டுல தலைகாட்ட முடியாது' என்று சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். ஐந்தாவது நாளில் ஒன்று புலப்படும்: நாள் முழுக்க ஆயிரம் கவலை ஓடியதாகத் தோன்றினாலும், நோட்டில் இருப்பது திரும்பத் திரும்ப வரும் மூன்று நான்கு வாக்கியங்கள்தான்.

அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பற்று வரவு போடுங்கள். தேவகோட்டைப் பக்கம் வீட்டில் பலகாரம் போட்டு விற்கும் ஆச்சி ஒருவருக்குக் கல்யாணத்துக்கு 500 கைமுறுக்கு ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஈடு எண்ணெய் குடித்துவிட்டது. ஓடும் வாக்கியம்: 'போச்சு, மானம் போச்சு. என் கைராசியே போயிருச்சு.' பற்றில் நிஜமாக எழுதக்கூடியது என்ன? 20 முறுக்கு வீண், அரை மணி நேரம் வீண். மானமும் கைராசியும் இன்னும் கணக்கில் ஏறவில்லை. வரவில்: மாவு மீதி இருக்கிறது, மறுநாள் மதியம் வரை நேரம் இருக்கிறது, முன்பு இதே அளவு ஆர்டரை முடித்துக் கொடுத்திருக்கிறார், கூப்பிட்டால் வர ஓர் ஆள் உண்டு. இப்போது இருப்பு கட்டினால் வரும் வாக்கியம்: 'ஒரு ஈடுதான் போச்சு. எண்ணெய் காயுமுன்ன போட்டுட்டேன். நல்லாக் காயவச்சு ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு.' அந்த ஒன்றும் குடித்தால் அடுத்த வாக்கியம் தயார்: 'அப்ப மாவுதான் இளகல். அரிசிமாவு சேர்.'

இதில் ஒரு பாராட்டுகூட இல்லை. நஷ்டம் எவ்வளவு, காரணம் என்ன, அடுத்துக் கை எங்கே போக வேண்டும் என்பவை மட்டுமே. இதுதான் பயன்படும் சுயபேச்சின் வடிவம். எழுதிய வாக்கியத்தைச் சோதிக்க ஒரு வழி: 100க்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று மதிப்பெண் போடுங்கள். 70க்குக் கீழே என்றால் வாக்கியத்தைச் சிறிதாக்குங்கள். 'கண்டிப்பா ஜெயிப்பேன்' 30 வாங்கினால், 'முதல் பத்து கேள்வியைப் பதறாம படிக்க முடியும்' 80 வாங்கும். 80 வாங்கியதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மொழி உங்கள் வீட்டு மொழியாகவே இருக்கட்டும். போஸ்டரில் படித்த செந்தமிழ் வாக்கியம் பதறும் நேரத்தில் நாவுக்கு எட்டாது, 'பாத்துக்கிரலாம்' எட்டும்.

நான்கு கட்டம்

அதே வாட்டர்லூவில் டொனால்டு மைக்கன்பாம் என்பவர் 1970களில் மன அழுத்தத்தைத் தாங்கப் பழக்கும் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். தடுப்பூசி போல, சிறு அளவு அழுத்தத்தில் முதலில் பழகுவது. அதில் தனக்குச் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களை நான்கு கட்டமாகப் பிரித்தார்: முன்னேற்பாடு, எதிர்கொள்ளல், மிஞ்சிப்போகும் கணம், முடிந்தபின்.

குரூப் 1 நேர்முகத் தேர்வுக்குக் காரைக்குடியிலிருந்து சென்னை போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். முந்தின நாள் பல்லவன் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டியது வேலை சார்ந்தது: 'சொந்த மாவட்டம், படிச்ச பாடம், இது ரெண்டும் வர வாய்ப்பு அதிகம். அதை ஒருதடவை சொல்லிப் பாரு.' அறைக்குள் போனதும் ஐந்தாறு சொல்லுக்கு மேல் கூடாது. அழுத்தத்தில் மனசின் கைப்பிடி சிறுத்துவிடும், நீண்ட வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். 'முழுசாக் கேளு. மூச்சு. பிறகு பேசு.'

மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் தயார் செய்வதே இல்லை. நடுவில் படபடப்பு எகிறியதும், 'இவ்வளவு சொல்லியும் வந்துருச்சே, அப்ப இது வேலைக்காகாது' என்று கைவிட்டுவிடுவார்கள். படபடப்பு வரும் என்பதே திட்டத்தில் இருக்க வேண்டும்: 'வந்திருக்கு. வரத்தான் செய்யும். இந்தக் கேள்வி மட்டும்.' இதை 'என்றால்' போட்டு முன்கூட்டியே கட்டிவைப்பது நல்லது. 'பதில் தெரியலைன்னா, தெரியலை சார்னு சொல்லிட்டு நிமிர்ந்து உக்காருவேன்.' எந்தக் குறி தெரிந்தால் என்ன செய்வது என்று இப்படி முடிச்சிட்டு வைப்பவர்கள் அதை நிறைவேற்றுவது கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரிந்தது.

நான்காவது, வெளியே வந்தபின். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே அன்றைய ஐந்தொகையை மூன்று வரியில் எழுதிவிட வேண்டும். எது நின்றது, எது தடுமாறியது, அடுத்தமுறை எதை மாற்றுவது. அதோடு நோட்டை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் ராத்திரி முழுக்க அசைபோடல் நடக்கும். அலசல் மாதிரி தோன்றும், ஆனால் புதுச் சரக்கு ஒன்றும் வராது.

பழக்கம் எவ்வளவு? தேர்வுக்கோ கூட்டத்துக்கோ இரண்டு வாரம் முன்பிருந்து காலை இரண்டு நிமிடம், இரவு இரண்டு நிமிடம். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லலாம். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டு, விடும் மூச்சில் வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஆறு தடவை செய்தால் ஒரு நிமிடம். பதறாத நேரத்தில் பழகாதது பதறும் நேரத்தில் வராது. கிணற்றில் விழுந்தபிறகு நீச்சல் கற்க முடியாது அல்லவா.

'சிந்தாதே' என்றால் சிந்தும்

ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவர் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்றுகிறார். ஒரு கட்டத்தின் நிறம் அடுத்ததில் விழுந்தால் அந்தக் கல் போயிற்று. பழகும் பையனின் மனசில் 'சிந்திராதே, சிந்திராதே' என்று ஓடினால் என்ன ஆகும்? டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. 'செய்யாதே' என்ற கட்டளையை நிறைவேற்ற, செய்கிறோமா என்று மனசு வேவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேவுதான் கரடியைக் கூட்டிவருகிறது. 'விளிம்பை ஒட்டி, மெல்ல' என்பது கைக்கு வேலை தரும் சொல். நுணுக்கமான கைவேலைக்கு 'உன்னால முடியும்' என்ற உற்சாகத்தைவிட இப்படிப்பட்ட செயல்குறிப்பே அதிகம் உதவுகிறது என்பது விளையாட்டு உளவியலிலும் தெரிந்த விஷயம். பளு தூக்குபவருக்கு 'ஊம், தூக்கு' போதும். முறுக்கு சுற்றும் கைக்குப் போதாது.

'அமைதியா இரு' என்பதும் பெரும்பாலும் வீண்தான். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது அமைதி என்பது வெகுதூரம். 2014இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், மேடையேறுமுன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது. பெயர்ப்பலகையை மாற்றினால் போதும். தேர் வடம் பிடிக்கப் போகும்போது நெஞ்சு அடிப்பதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை.

ஐயா கட்டிய வீட்டின் நிழல்

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு வாக்கியத்தையும் சொல்லியாக வேண்டும்: 'ஐயா கட்டின வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட எனக்கு வக்கில்லை.' தாத்தா வாழ்ந்த வீட்டின் அளவை வைத்துத் தன்னை அளக்கும் பேச்சு. இதற்கும் பற்று வரவுதான் மருந்து. இங்கிருந்து போன முன்னோர் பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்துப் பொருள் சேர்த்தவர்கள். 1930 வாக்கில் அங்கே நெல் விலை சரிந்தது. கொடுத்த கடனுக்குப் பணத்துக்குப் பதில் வயல் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான் படை உள்ளே வந்ததும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். 1948க்குப் பின் வந்த நிலச் சட்டங்களில் மிச்சமும் போயிற்று. அந்தச் செல்வம் திரண்டதிலும் கரைந்ததிலும் ஆளின் சாமர்த்தியம் எவ்வளவு, காலத்தின் போக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதினால், பேரனின் பேரில் தவறாக ஏற்றப்பட்ட பற்று ஒன்று கழியும். அவர் பேரில் இருப்பது இந்த மாதச் சம்பளமும் இந்த வருஷ வேலையும். அதை வைத்து எழுதட்டும்.

சுயபேச்சு செய்யாத வேலைகளும் உண்டு. அது படிக்காத பாடத்தை நிரப்பாது. மீட்டர் வட்டியைக் குறைக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அல்லது செத்துப்போகலாம் என்ற வாக்கியம் நோட்டில் ஒருமுறை வந்தாலும், நோட்டோடு நிற்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

கடைசியாகப் பெற்றவர்களுக்கு. வைகாட்ஸ்கி சொன்னது சரியென்றால், இன்றைக்குப் பிள்ளையிடம் பேசும் வாக்கியம் பத்து வருஷம் கழித்து அதன் உள்ளே ஓடப்போகிற வாக்கியம். பிளஸ் டூ மார்க் வந்த அன்று 'உனக்கு எங்க வரப்போகுது' என்பதும் சரி, 'நீ சிங்கம்டா' என்பதும் சரி, பேரேட்டில் ஏறாத பேச்சு. 'எந்தப் பாடம் நின்னுச்சு, எதுல விட்ட, அடுத்து எதை எடுக்கப்போற?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்பச்சி பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.